ஒதுக்கீடும் ஒப்படையும்: இணைய முகவரிக் கலைச்சொற்கள்

இந்திய அஞ்சல் துறை 15-8-1972 அன்று அஞ்சல் குறியீட்டு எண்ணை நடைமுறைக்குக் கொணர்ந்தது. திண்டிவனத்திற்கு 604001, விழுப்புரத்திற்கு 605602, புதுச்சேரிக்கு 605001 என எண்கள் அமைந்தன. திண்டிவனமும் விழுப்புரமும் ஒரே மாவட்டத்தின. முதல் மூன்று இலக்கங்களோ வேறு. புதுச்சேரி தனி ஆட்சிப் பகுதி. ஆயினும் விழுப்புரத்தோடு அதன் முதல் மூன்று இலக்கங்கள் ஒத்துள்ளன. அஞ்சலார் கூறும் 'மாவட்டம்' கடிதங்களைப் பிரிப்பதற்கான எல்லை. வருவாய்த் துறையார் கூறும் மாவட்டம் அன்று. ஒரு சொல் இரு பொருளில் வழங்கின் விளையும் மயக்கத்திற்கு நம் ஊர்களே சான்றாக நிற்கின்றன.

இணைய முகவரிகளைப் பங்கிடும் விதிகளில் இம்மயக்கம் இன்னும் பெரிது. நான்காம் பதிப்பு முகவரிகள் ஏறத்தாழ 429 கோடியே. உலகப் பொதுத் தொகுப்பில் எஞ்சியவை 3-2-2011 அன்று தீர்ந்தன. இன்று இவற்றைப் பெறுவோர் விதியின் சொல்லை எழுத்தெண்ணிப் படித்தாக வேண்டும். உலகில் ஐந்து வட்டாரப் பதிவகங்கள் உள்ளன. நமக்குரியது ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரிலுள்ள ஏப்னிக். அதன்கீழ் இந்தியாவுக்கென ஐரின் என்னும் தேசியப் பதிவகம் 2012 முதல் இயங்குகிறது.

ஏப்னிக் விதிகள் இருவகைக் கொடையைப் பிரித்துரைக்கின்றன. இணையச் சேவை நிறுவனம் பிறருக்குப் பங்கிட்டு வழங்குவதற்காகப் பெறுவது ஒன்று. பெற்றவர் தம் சொந்த வலையமைப்பில் மட்டும் பயன்படுத்தப் பெறுவது மற்றொன்று. தமிழில் எழுதுவோர் இரண்டையும் 'ஒதுக்கீடு' என்றே எழுதிவிடுகின்றனர். போதாக்குறைக்கு, 192.168 எனத் தொடங்கும், பொது இணையத்தில் வழங்காத தனிப் பயன் முகவரிகளையும் 'ஒதுக்கப்பட்டவை' என்கின்றனர்.

புதுச் சொல் தேடி அலைய வேண்டியதில்லை. தாசில், தாலுகா, ஜமாபந்தி என அரபு, பாரசீகச் சொற்கள் பலவற்றை ஏற்ற நம் வருவாய்த் துறையிடம் நல்ல தமிழ்ச் சொல்லொன்றும் உண்டு. வீடற்றவருக்கு நிபந்தனையுடன் வழங்கும் மனையை 'வீட்டுமனை ஒப்படை' என்பர். பெற்றவர் அங்கே தாமே குடியிருத்தல் வேண்டும். எனவே பங்கிடுவதற்குத் தருவதை 'ஒதுக்கீடு' என்றும், தற்பயனுக்குத் தருவதை 'ஒப்படை' என்றும், தனிப் பயன் முகவரிகளைக் 'காப்பு முகவரிகள்' என்றும் வழங்கலாம் என்பது நம் கருத்து. இணைய முகவரி எவருக்கும் முற்றுரிமைச் சொத்தன்று. பயன்படுத்தும் இசைவே தரப்படுகிறது. அவ்வகையிலும் 'ஒப்படை' பொருந்துகிறது.

இது வெறும் சொல்லாய்வு அன்று. ஒப்படையாகப் பெற்றதைப் பிறருக்கு உள்ளொப்படை செய்யலாகாது என்பது விதி. அங்ஙனமாயின், கல்லூரி விடுதிக்கு வரும் விருந்தினரின் கைப்பேசி வை-ஃபை வழியே ஒரு முகவரியைப் பெறுவது விதிமீறலாகுமா? ஐரோப்பியப் பதிவக வட்டாரத்தில் ஆறாம் பதிப்பு முகவரிகள் தொடர்பாக இவ்வினா மெய்யாகவே எழுந்தது. 2016-ஆம் ஆண்டு முன்மொழிவொன்று வைக்கப்பெற்று, பின்னர் விதி தெளிவாக்கப்பட்டது. தம் இணைப்பில் தனித்தனி முகவரி தருவது உள்ளொப்படை ஆகாது; முகவரித் தொகுதியைப் பிரித்துப் பிறரிடம் கொடுப்பதே உள்ளொப்படை.