கோர்ட் வசன கேசட்டை கம்ப்யூட்டரில் பதிவு செய்வது எப்படி?

ரேடியோவில் துப்பறியும் கதையும் கோர்ட் வழக்கும் கேட்டு ரசித்த காலம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் 'பெரி மேசன்' என்ற வக்கீல் 1943 முதல் 1955 வரை சிபிஎஸ் ரேடியோவில் துப்புத் துலக்கினார். 'சஸ்பென்ஸ்' என்ற தொடர் 1942 முதல் 1962 வரை ஓடியது.

நம் பக்கம் அந்த இடத்தைப் பிடித்தது ஒலிச்சித்திரம். சினிமாவின் வசனத்தையும் பாட்டையும் சுருக்கி வானொலியில் ஒலிபரப்புவார்கள். கோர்ட் கதை இதற்குக் கச்சிதமாகப் பொருந்தும். வக்கீலும் சாட்சியும் நின்ற இடத்தில் பேசுகிறவர்கள்தானே! 1984-ல் வந்த 'விதி' படத்தில் சுஜாதாவும் ஜெய்சங்கரும் எதிரெதிர் வக்கீல்கள். அந்த வசன கேசட் டீக்கடை முதல் கல்யாண வீடு வரை ஒலித்தது.

எங்கள் களம்பூரில் பட்டுத் தறியில் உட்கார்ந்தவருக்குக் கை, கால், கண் மூன்றுக்கும் வேலை இருக்கும். காது மட்டும் சும்மா இருக்கும். என் தாத்தா நாடா சத்தத்தை மீறிக் கேட்பதற்காக வால்யூமை ஏற்றி வைத்தே 'விதி' கேட்பாராம். (தறி நாடா வேறு, கேசட் நாடா வேறு!)

அப்படி ஒரு கேசட் உங்கள் வீட்டுப் பரணிலும் இருக்கலாம். நாளாக ஆக நாடாவில் பூஞ்சை பிடிக்கும், ஒலி மங்கும். வானொலியிலிருந்து வீட்டில் பதிவு செய்ததாக இருந்தால் வேறு பிரதியே கிடைக்காது. சீக்கிரம் மாற்றிவிடுங்கள்.

முதல் வேலை, கேசட்டின் மேல் விளிம்பில் உள்ள இரண்டு சிறிய பிளாஸ்டிக் துண்டுகளை உடைத்து விடுங்கள். பிறகு தவறி ரெக்கார்டு பட்டனை அழுத்தினாலும் அழியாது. டேப் ரெக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து ஒரு ஆடியோ கேபிளை கம்ப்யூட்டரின் பின்புறம் உள்ள நீல நிற 'லைன் இன்' துளையில் செருகுங்கள். பிங்க் நிறத் துளை மைக்குக்கானது. அதில் செருகினால் ஒலி கரகரக்கும். லேப்டாப்பில் பெரும்பாலும் லைன் இன் இருக்காது. அதற்கு லைன் இன் உள்ள யுஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்க வேண்டும்.

'அடாசிட்டி' என்ற இலவச சாப்ட்வேரை இன்ஸ்டால் செய்து, மோனோவில் ரெக்கார்டு செய்யுங்கள். பேச்சுக்கு ஸ்டீரியோ தேவையில்லை. 90 நிமிட கேசட்டுக்கு 90 நிமிடம் ஆகும், குறுக்கு வழி கிடையாது. ஒரு மணி நேர வேவ் பைல் சுமார் 300 எம்பி பிடிக்கும். அதையே 64 கேபிபிஎஸ் எம்பி3 ஆக்கினால் 30 எம்பிக்குள் அடங்கிவிடும்.

இனிமேல்தான் ஜாக்கிரதை! 'நாய்ஸ் ரிடக்ஷன்' வசதியை அளவோடு பயன்படுத்துங்கள். அதிகமானால் சுஜாதா கிணற்றுக்குள்ளிருந்து வாதாடுவது போல் கேட்கும். 'ட்ரன்கேட் சைலன்ஸ்' பக்கம் போகவே போகாதீர்கள். அது மௌனமான இடங்களை வெட்டிவிடும். கூண்டில் நிற்பவரிடம் வக்கீல் கேள்வி கேட்கிறார்; பதில் வரவில்லை. முகம் தெரியாத நாடகத்தில் அந்த இரண்டு விநாடி மௌனம்தான் குற்றவாளியைக் காட்டிக் கொடுக்கிறது. கம்ப்யூட்டருக்கோ அது வெறும் காலி இடம். எந்த மாற்றத்தையும் காப்பி எடுத்த பைலில் செய்யுங்கள். முதல் வேவ் பைல் அப்படியே இருக்கட்டும். பென் டிரைவிலும் ஒரு பிரதி வையுங்கள். இது வீட்டில் கேட்பதற்கு மட்டும். இன்டர்நெட்டில் ஏற்றினால் காப்பிரைட் பிரச்சினை வரும்.

கேபிள் வாங்கும் வரை காத்திருக்க முடியாதவர்கள் 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' வெப்சைட்டில் 'சஸ்பென்ஸ்' தொடரைத் தேடிப் பாருங்கள். 1943-ல் ஒலிபரப்பான 'சாரி, ராங் நம்பர்' நாடகத்தில் தொடங்கலாம். படுக்கையை விட்டு எழ முடியாத ஒரு பெண், டெலிபோன் லைன் மாறி ஒரு கொலைத் திட்டத்தைக் கேட்டுவிடுகிறாள். இங்கிலீஷ் முழுவதும் புரியாவிட்டாலும் டெலிபோன் மணி புரியும்.