முதியோர் இல்லத்தில் வலி தணிக்கும் வைத்தியம்

குணமாகாத நோயில் வலி, மூச்சுத்திணறல், படுக்கைப்புண், பயம் இவற்றைத் தணிப்பது நோய் ஆதரவு சிகிச்சை. புற்றுநோய்க்கு மட்டும் உரியதென்று பலர் நினைக்கிறார்கள். பக்கவாதம், மறதி நோய், இதயச் செயலிழப்பு என்று முதியோர் இல்லங்களில் படுத்திருப்பவர்களுக்கும் அது வேண்டும்.

திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குக் கணவன், மனைவி இருவருமே காலையில் கிளம்பிவிடுகிறார்கள். ஆர்டர் அனுப்பும் வாரங்களில் ஓவர்டைமும் சேரும். லைன் வீட்டின் ஒற்றை அறையில் படுத்த படுக்கையான பெரியவரைப் பகலில் பார்த்துக்கொள்ள ஆளில்லை. இல்லத்தில் விடுவதைக் கல்மனம் என்று திட்டுகிறவர்கள் அந்த அறையைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இத்துறை மருத்துவர்கள் அதிகம் கவலைப்படுவது இரவைப் பற்றித்தான். நடுராத்திரி மூச்சு வாங்கும். பணியில் ஒரே ஓர் ஆயா. என்ன செய்வதென்று எங்கும் எழுதியிருக்காது. உடனே 108, கோவை, தீவிர சிகிச்சைப் பிரிவு. நோயாளி தெளிவாக இருக்கும்போதே அவரிடமும் பிள்ளைகளிடமும் பேசி, எந்த மருந்து, யாருக்கு போன், ஆஸ்பத்திரி வேண்டுமா என்று எழுதிவைக்கச் சொல்கிறார்கள். எப்போதாவது வந்துபோகும் பிள்ளைதான் 'எல்லாம் செய்யுங்கள்' என்று பிடிவாதம் பிடிப்பது. உயிர்காக்கும் கருவிகள் வேண்டாமென முன்கூட்டியே எழுதிவைப்பதை உச்ச நீதிமன்றம் 2018-இல் ஏற்றது. 2023-இல் நடைமுறையை எளிதாக்கி, இரு சாட்சிகளுடன் நோட்டரி கையொப்பம் போதும் என்றது.

மறதி நோய் முற்றியவரால் வலியைச் சொல்ல முடியாமல் போகலாம். மூச்சு, முனகல், முகம், உடலசைவு, தேற்றினால் அடங்குகிறாரா என்ற ஐந்துக்கும் தலா 2 வரை மதிப்பெண் போட்டு வலியைக் கணிக்கும் முறை உண்டு. துணி மாற்றும்போது முகம் சுளிப்பதை முதலில் பார்ப்பவர் ஆயாதான்; அவருக்கு இதைக் கற்றுத்தருவது கடினமில்லை.

கடும் வலிக்கு மார்பின். சாதாரண மாத்திரையை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, வலி வருமுன்பே, மலமிளக்கியோடு கொடுக்கவேண்டும். 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் மருத்துவமனைகளே அதை வாங்கிவைக்கத் தயங்கின. 2014-இல் வந்த திருத்தத்துக்குப்பின் அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்களுக்கு அது எளிதாயிற்று. முதியோர் இல்லம் அப்படியொரு மருத்துவமனையோடு தொடர்பு வைத்துக்கொள்வதே நடக்கிற வழி.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து ஆதரவு சிகிச்சை தரும் செவிலியர்கள் இருக்கிறார்கள். கோழிக்கோட்டில் 1993-இல் தொடங்கிய ஆதரவு சிகிச்சை முயற்சிக்குத் தோள்கொடுத்தவர்கள் ஊர்த் தொண்டர்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைப்பதும், உலர்ந்த உதட்டை ஈரப்பஞ்சால் நனைப்பதும் டாக்டர் பட்டம் கேட்கும் வேலைகளல்ல.

இங்கேயே இறந்தால் போலீஸ், விசாரணை என்று அலையவேண்டுமோ என்ற அச்சமும் இல்ல நிர்வாகிகளை ஆம்புலன்ஸ் அழைக்க வைக்கிறது. நோயினால் நேர்ந்த இயற்கை மரணம் என்றால், தொடர்ந்து பார்த்துவந்த மருத்துவரே காரணச் சான்று எழுதித் தரலாம். 21 நாட்களுக்குள் இறப்பைப் பதிவு செய்துகொள்ளலாம்.