காருக்குள் பளபள பிளாஸ்டிக்கில் கீறலா? துடைக்கும் துணிதான் முதல் எதிரி!
தின்னர், டூத்பேஸ்ட் போட்டால் நிரந்தர சேதம்

ஓசூர்:

ஓசூர் சிப்காட்டில் ஷிப்டு மாறும் நேரத்தில் கம்பெனி வாசல்களில் ஆட்களை ஏற்ற கார்களும், வேன்களும் வரிசை கட்டி நிற்கின்றன. ஜூஜூவாடி, அத்திப்பள்ளியை தாண்டி பெங்களூருக்கு சவாரி போகும் வாடகை கார்களும் ஏராளம்.

புதுசாக வரும் பல கார்களில் கியர் லீவரை சுற்றியும், ஏ.சி. சுவிட்ச் பக்கத்திலும், கதவு கைப்பிடியிலும் கண்ணாடி போல மின்னும் கருப்பு பிளாஸ்டிக் இருக்கிறது. இதை 'பியானோ பிளாக்' என்கிறார்கள். பார்க்க அழகு. ஆனால் சின்ன கோடு விழுந்தாலும் வெயிலில் பளிச்சென்று காட்டிக் கொடுத்து விடும்.

சம்பளத்துக்கு ஓட்டும் டிரைவர் என்றால் ஓனரிடம் பேச்சு வாங்க வேண்டும். சொந்த வண்டி என்றால் விற்கும்போது விலையை குறைத்து கேட்பார்கள்.

கறையா, கீறலா?

கை வைப்பதற்கு முன்பு ஒன்றை கவனிக்க வேண்டும். ஷூ, பை, டிபன் கேரியர் உரசினால் அதன் ரப்பரோ, பெயிண்டோ பிளாஸ்டிக்கின் மேல் ஒட்டிக்கொள்ளும். இது வெறும் கறை. பிளாஸ்டிக்குக்கு எந்த சேதமும் இல்லை.

நகத்தால் மெதுவாக தடவிப் பார்த்தால், நகம் பள்ளத்தில் மாட்டினால் அது ஆழமான கீறல். மாட்டாவிட்டால் கறையாகவோ, மேலோட்டமான கோடாகவோ இருக்கும்.

கறையை எடுக்க ஒரு குவளை தண்ணீரில் சில சொட்டு ஷாம்பு போதும். சுத்தமான மைக்ரோபைபர் துணியை நனைத்து பிழிந்து, கறை மேல் கொஞ்ச நேரம் வைத்து ஊற விட்டு, மெதுவாக துடைக்க வேண்டும். சுவிட்ச் மேல் நேராக தண்ணீர் தெளிக்கக் கூடாது. வெயிலில் நின்ற வண்டி என்றால் சூடு ஆறிய பிறகே தொட வேண்டும்.

மேலோட்டமான கோடுகளுக்கு கார் அக்சஸரீஸ் கடைகளில் கிடைக்கும் பிளாஸ்டிக் பாலீஷை துளி எடுத்து, அழுத்தாமல் தேய்த்தால் மங்கும். முதலில் கண்ணில் படாத ஓரத்தில் போட்டுப் பார்ப்பது நல்லது. பெயிண்ட் அடித்த பாகத்திலும், குரோம் பூச்சிலும் தேய்த்தால் பூச்சே போய் விடும். ஆழமான கீறல் எதற்கும் போகாது. மேலே பிலிம் ஒட்டி மறைக்கலாம், அல்லது அந்த பாகத்தையே மாற்ற வேண்டும்.

செய்யக் கூடாதது

பெட்ரோல், தின்னர், நெயில் பாலீஷ் ரிமூவர் போட்டால் பிளாஸ்டிக் வெளுத்து மங்கி விடும். சானிடைசரில் உள்ள ஆல்கஹாலால் சில வகை பிளாஸ்டிக்கில் மெல்லிய வெடிப்பு வரும். டூத்பேஸ்டில் தேய்க்கும் தூள் இருக்கிறது. அது ஒரு கோட்டை எடுக்கப் போய் நூறு கோடு போட்டு விடும். தேங்காய் எண்ணெய் தடவினால் கோடு மறைந்த மாதிரி தெரியும். ஆனால் அந்த பிசுக்கில் தூசி வந்து அப்பிக்கொள்ளும்.

கிரானைட் தூசி

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கிரானைட் குவாரிகள் அதிகம். கிரானைட்டில் உள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் சாதாரண கத்தியின் இரும்பை விட கடினமானது. பிளாஸ்டிக் எம்மாத்திரம்? ரோட்டு மண்ணிலும் இதே குவார்ட்ஸ்தான் கலந்திருக்கிறது. தூசி படிந்த இடத்தை காய்ந்த துணியால் 'சரக்'கென்று துடைத்தால், உப்புத்தாள் வைத்து தேய்த்த மாதிரிதான். உள்ளே விழும் மெல்லிய கோடுகளில் பெரும்பாலானவை இப்படி துடைக்கும்போது விழுந்தவையே.

எனவே முதலில் மென்மையான பிரஷால் தூசியை தட்டி, பிறகு ஈரத்துணியால் துடைக்க வேண்டும். பானட், டயர் துடைத்த துணியை உள்ளே கொண்டு வரவே கூடாது. உள்ளுக்கு தனித்துணி வைத்துக்கொண்டு, அடிக்கடி அலசினால் போதும்.

சாவிக்கொத்து, சில்லறை காசு, செல்போனை கியர் பக்கத்து பிளாஸ்டிக் மேல் போடாமல் இருந்தாலே பாதி கீறல் குறையும். ஆட்கள் ஏறி இறங்கும் கதவுப் படியில் கீறல் தடுக்கும் பிலிம் ஒட்டலாம். இதை வண்டி புதுசாக இருக்கும்போதே செய்வதுதான் லாபம். ஆனால் 'ஏர்பேக்' என்று எழுதிய இடத்தில் மட்டும் எதையும் ஒட்டக் கூடாது. விபத்து நேரத்தில் அது விரிவதற்கு தடையாகி விடும்.