கேட்டேன், இல்லை என்றார்கள்

அம்மாவின் வலது மூட்டுக்கு அறுவை சிகிச்சை என்று முடிவானதும், நாங்கள் நான்கு பிள்ளைகளும் வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கினோம். எந்த மருத்துவமனை, எவ்வளவு ஆகும், அம்மாவின் காப்பீடு எங்கே எடுபடும். மூன்றே கேள்விகள்தான். இரண்டு நாளில் குழு நிரம்பி வழிந்தது. ஒரே டாக்டரின் வீடியோவை மூன்று பேர் தனித்தனியாக அனுப்பியிருந்தோம். மூன்றாம் நாள் நான் ஒரு மருத்துவமனைக்குப் போன் போட்டு, அரைமணி நேரம் காத்திருந்து, அம்மாவின் காப்பீட்டை அங்கே ஏற்பதில்லை என்று தெரிந்துகொண்டு குழுவில் எழுதினேன். கோவையிலிருந்து தம்பி பதில் போட்டான்: "முதல் நாளே கேட்டேன் அண்ணா, இல்லைன்னுட்டாங்க. உருப்படியா ஒண்ணும் கிடைக்கலையேன்னு சொல்லாம விட்டுட்டேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி மகள் பாட்டியைப் பார்க்க வந்திருந்தாள். எம்.டி. படிக்கிறாள். டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அப்பா மேல தப்புதானே பெரியப்பா?" என்றாள். அவன்மேல் தப்பில்லை என்று சொல்லத்தான் பேச ஆரம்பித்தேன்.

முப்பது வருடம் கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தவன் நான். புத்தகப் பட்டியல் கணினிக்கு வந்த புதிதில், ஒரு திரைக்கு முன்னால் மூன்று நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டு பிள்ளைகள் உட்காருவார்கள். ஒருத்தி தட்டுவாள். பின்னால் நிற்பவன் எட்டிப் பார்த்து, "அந்தச் சொல் வேண்டாம், இதைப் போட்டுப் பாரு" என்பான். நூலகத்தில் பேசக்கூடாது என்று நான் அவர்களைக் கலைத்துவிட்டிருக்கிறேன். செய்திருக்கக் கூடாது. அந்தப் பேச்சுதான் தேடலே.

1990-களில் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ட்விடேலும் டேவிட் நிக்கல்ஸும் இதே காட்சியை உட்கார்ந்து கவனித்தார்கள். தேடும் மென்பொருள்கள் ஒரு திரைக்கு ஓர் ஆள் என்று எண்ணிச் செய்யப்பட்டவை. பிள்ளைகளோ கூட்டமாகத் தேடினார்கள். அவர்களுக்காக உருவான மென்பொருளின் பெயர் அரியாட்னே. கிரேக்கக் கதையில், சுற்றுவழிக் கோட்டைக்குள் போகிறவன் திரும்பி வருவதற்காக நூலுருண்டை கொடுத்து அனுப்பும் பெண்ணின் பெயர் அது. என்ன சொல்லைத் தட்டினோம், திரையில் என்ன வந்தது என்று ஒவ்வொரு அடியையும் அந்த மென்பொருள் வரிசையாகக் காட்டும். அதை நண்பரிடமோ நூலகரிடமோ காட்டி, "எங்கே வழி தவறினேன்?" என்று கேட்கலாம். கிடைத்த புத்தகத்தோடு, கிடைக்காமல் திரும்பிய வழியும் அதில் இருக்கும்.

"இதெல்லாம் ஆராய்ச்சிக்காரங்களுக்குத்தானே?" என்றாள். இல்லையம்மா, நம் எல்லோருக்கும்தான். மைக்ரோசாப்ட் ஆய்வுக்கூடத்தில் மெரிடித் மோரிஸ் தம் நிறுவன ஊழியர்கள் 204 பேரிடம் கேட்டார். இணையத்தில் பிறரோடு சேர்ந்து தேடியதுண்டா என்றபோது ஏறக்குறைய பாதிப் பேர்தான் உண்டு என்றார்கள். ஒருவர் தேடும்போது பக்கத்திலிருந்து பார்த்து யோசனை சொன்னதுண்டா, கிடைத்த இணைப்பை அனுப்பியதுண்டா என்று செயல்களாகப் பிரித்துக் கேட்டபோது, நூற்றுக்கு 97 பேர் உண்டு என்றார்கள். சேர்ந்து தேடுகிறோம் என்பதே நமக்குத் தெரிவதில்லை. தெரியாததால் அதற்கென்று ஓர் ஒழுங்கும் வைத்துக்கொள்வதில்லை.

மோரிஸ், எரிக் ஹார்விட்ஸுடன் சேர்ந்து 2007-இல் செர்ச்டுகெதர் என்ற கருவியைக் கொண்டுவந்தார். குழுவில் யார் என்ன சொல்லைப் போட்டுத் தேடினார் என்பது அவரவர் பெயரோடு நிற்கும். ஒரு பக்கத்தைத் திறந்தால், உங்களுக்கு முன் அதைப் பார்த்தவர் யார், நல்லது என்றாரா வேண்டாம் என்றாரா என்று தெரியும். வந்த முடிவுகளைச் சீட்டுப் போடுவதுபோல ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுக்கவும் செய்யும். இது எங்கள் கையில் இருந்திருந்தால், மூன்றாம் நாள் நான் அந்த எண்ணைச் சுழற்றியிருக்கவே மாட்டேன். அதெல்லாம் வீடுகளுக்குள் வரவில்லை. நமக்கு வாட்ஸ்அப்தான் வந்தது. அதில் இணைப்பு ஏறும், வழி ஏறாது.

அடுத்து சொல்லப்போவதுதான் அவள் அப்பாவுக்கான சாட்சி. 1985-இல் அமெரிக்க உளவியலாளர்கள் கரோல்ட் ஸ்டாசர், வில்லியம் டைட்டஸ் இருவரும் ஒரு சோதனை நடத்தினார்கள். மாணவர் தலைவர் பதவிக்கு மூன்று கற்பனை வேட்பாளர்கள். தேர்ந்தெடுக்க நான்கு பேர் கொண்ட குழுக்கள். சிறந்த வேட்பாளரின் நல்ல அம்சங்களை ஆளுக்குச் சிலவாகப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். நால்வரும் தம்மிடம் மட்டும் இருப்பதைச் சொன்னால்தான் அவர் சிறந்தவர் என்பது புலப்படும். பெரும்பாலான குழுக்கள் அவரைத் தவறவிட்டன. எல்லோருக்கும் தெரிந்ததையே பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கு மட்டும் தெரிந்தது அவரிடமே தங்கிவிட்டது. யாரும் மறைக்கவில்லை, கேட்க ஒரு முறை இல்லை, அவ்வளவுதான். தம்பிக்கு நடந்ததும் அதுவே.

அவன் குணமும் எனக்குத் தெரியும். ஒன்றைப் பிடித்தால் அடிவரை போவான். தங்கை அப்படியில்லை, நாலாபக்கமும் துழாவிப் புதிதாக எதையாவது கொண்டுவருவாள். 2008-இல் கலிபோர்னியாவில் ஜெரமி பிக்கன்ஸ், ஜீன் கோலோவ்சின்ஸ்கி முதலியோர் செய்த கருவியில் இந்த இரண்டு குணங்களையும் இரண்டு வேலைகளாகவே வைத்தார்கள். செர்க்கியாமோ என்று பெயர். இத்தாலிய மொழியில் 'தேடுவோம்' என்று அர்த்தம். ஒருவர் புதிய இடங்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போவார். மற்றவர் அங்கே வந்ததை நிதானமாகச் சலிப்பார். நடுவில் கணினி, முதலாமவர் கண்டதில் தேறும் என்று தோன்றுவதை இரண்டாமவர் முன் வரிசைப்படுத்தும். இரண்டாமவர் நல்லது என்றதிலிருந்து அடுத்துத் தேடச் சொற்களை முதலாமவருக்கு எடுத்துத் தரும். தனித்தனியாகத் தேடிக் கடைசியில் கொட்டிக் கலப்பதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம்.

அதுவரை கேட்டுக்கொண்டிருந்தவள், "ஆனா எங்க வேலைல ஒருத்தர் கையை ஒருத்தர் பார்க்கவே கூடாதே" என்றாள். சிஸ்டமேட்டிக் ரிவ்யூ ஒன்றில் வேலை செய்கிறாள். ஒரு சிகிச்சையைப் பற்றி உலகில் வந்த ஆய்வுகளை எல்லாம் தேடித் திரட்டி எடைபோடுவது. 1993-இல் பிரிட்டனில் தொடங்கிய காக்ரேன் அமைப்பு இதை ஊன்றி வளர்த்தது, வேலூர் சி.எம்.சி.யிலும் அதற்கு ஒரு மையம் இருந்தது. லேப்டாப்பைத் திறந்து காட்டினாள். ரய்யான் என்ற மென்பொருள், கத்தாரில் உருவானது. கட்டுரைத் தலைப்புகள் நீளமாக இறங்கின. ஒன்றைத் தொட்டால் கீழே சுருக்கம் விரியும். படித்துவிட்டு 'சேர்', 'விலக்கு', 'யோசிக்கலாம்' என்று அழுத்த வேண்டும். அவளுடைய தோழியும் இதே கட்டுரைகளைத்தான் படிக்கிறாள். அவள் அழுத்தியது இவளுக்குத் தெரியாது. பிளைண்ட் என்று ஒரு பொத்தான். அது போட்டிருக்கும்வரை திரை விழுந்திருக்கும். இருவரும் முடித்த பிறகு திரையை விலக்கினால், முரண்பட்டவை மட்டும் தனியாக எழுந்து நிற்கும். அதற்கென்று உட்கார்ந்து பேசுவார்கள். தீராவிட்டால் மூன்றாமவர்.

"சீனியர் முதல்ல விலக்குன்னு போட்டதைப் பார்த்துட்டா, எனக்குச் சேர்னு போடக் கை வராது பெரியப்பா."

எனக்குச் சுருக்கென்றது. குழு தொடங்கிய முதல் இரவே, மூத்தவன் என்ற உரிமையில், "இந்த மருத்துவமனைதான் சரியாகப் படுகிறது" என்று எழுதியிருந்தேன். போனை எடுத்துப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தேன். அதற்குப் பின் வந்த இணைப்புகளில் முக்கால்வாசி அந்த மருத்துவமனையைப் பற்றியவை. நான் காத்திருந்து போனில் கேட்டதும், தம்பி முதல் நாளே கேட்டதும் அங்கேதான்.

தேடிய வழி எல்லோருக்கும் தெரிய வேண்டும். எடுத்த முடிவு, எல்லோரும் முடிவெடுக்கும்வரை தெரியக்கூடாது. இரண்டையும் நாங்கள் தலைகீழாகச் செய்திருந்தோம்.

அன்று சாயங்காலம் அவளே கூகுள் ஷீட் ஒன்று தொடங்கினாள். யார், எங்கே, என்றைக்கு, என்ன சொன்னார்கள் என்று நான்கு பத்திகள். எந்த மருத்துவமனை என்ற கருத்தை யாரும் குழுவில் எழுதக்கூடாது, வெள்ளிக்கிழமைக்குள் அவளுக்குத் தனியாக அனுப்ப வேண்டும் என்று நான் எழுதினேன். கீழே பாட்டி கால் நீட்டி உட்கார்ந்து, எத்தனை நாள் ஆஸ்பத்திரியில் இருக்கணும் என்று கேட்டதை அவள் ஐந்தாவது பத்தியாகச் சேர்த்தாள்.

இரவு ஒன்பதரைக்குத் திறந்தபோது முதல் வரி நிரம்பியிருந்தது. தம்பியின் பெயர், அந்த மருத்துவமனை, குழு தொடங்கிய முதல் நாளின் தேதி. "காப்பீடு பற்றிக் கேட்டேன், இல்லை என்றார்கள்."