உதவித்தொகையும் உழைப்பாளியின் மாதமும்

பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி ஊர்களிலும், இடுக்கி மாவட்டத்தின் குமுளி, உடும்பன்சோலை, மூணாறு மலைகளிலும் தமிழ் பேசும் உழைப்பாளர் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். ஓரிடத்தில் வயல் வேலை. மற்றோரிடத்தில் தேயிலை அல்லது ஏலத் தோட்ட வேலை. இரு இடங்களிலும் தினக்கூலியை நம்பி வாழ்வோரின் நிலை ஒன்றுதான். வேலை உள்ள நாளில் கூலி உண்டு. நடவு முடிந்தாலும், மலையில் மழை விடாமல் பெய்தாலும் கூலி நின்றுவிடும். அரிசி, மருந்து, பிள்ளைகளின் பேருந்துக் கட்டணம் ஆகியவை நிற்பதில்லை.

இந்த இடைவெளியில்தான் கடன் நுழைகிறது. நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய் வட்டிக்கு ஒருவர் 2,000 ரூபாய் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாத வட்டி 200 ரூபாய். அசலைத் திருப்ப இயலாமல் ஆறு மாதம் வட்டி மட்டும் கட்டினால் 1,200 ரூபாய் கையைவிட்டுப் போயிருக்கும். அசல் 2,000 ரூபாய் அப்படியே நிற்கும். ஏழ்மையில் உள்ளவருக்குப் பணத்தின் விலை மற்றவர்களைவிட அதிகம் என்பதற்கு இக்கணக்கே சான்று.

இத்தகைய குடும்பத்தின் வங்கிக் கணக்கில் அரசின் உதவித்தொகை நேரடியாகச் சேரும்போது என்ன மாறுகிறது? கேரளத்தின் அனுபவம் நீண்டது. அம்மாநிலம் 1980ஆம் ஆண்டு விவசாயத் தொழிலாளர் ஓய்வூதியத்தை மாதம் 45 ரூபாயாகத் தொடங்கியது. முதியோர், கைம்பெண்கள், மாற்றுத்திறனாளிகள், 50 வயது கடந்த மணமாகாத பெண்கள் ஆகியோருக்கும் ஓய்வூதியங்கள் வழங்கப்பட்டன. 2021 முதல் மாதம் 1,600 ரூபாயாக இருந்த தொகை, 2025 நவம்பர் முதல் 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இத்தொகை வங்கிக் கணக்கிலோ, கூட்டுறவுச் சங்கத்தின் வழியாக வீட்டிலோ கிடைக்கிறது.

மாதம் 2,000 ரூபாயில் ஒரு குடும்பம் வாழ்ந்துவிட முடியாது. ஆயினும் கூலியில்லாத மாதத்திலும் வரும் பணம் அது. பலசரக்குக் கடைக்காரர் அதை நம்பிப் பற்று எழுதுகிறார். இரத்த அழுத்த மாத்திரை பாதியில் நிற்பதில்லை. ஐந்நூறு ரூபாய்க்காக மேஸ்திரியிடம் முன்பணம் கேட்டு, அதற்கு ஈடாகக் குறைந்த கூலிக்கு ஒப்புக்கொள்ளும் நிலை தவிர்கிறது. வீட்டில் முதியவரின் சொல்லுக்கும் மதிப்புக் கூடுகிறது. பேரப்பிள்ளைக்குப் பள்ளிப் பை வாங்கித் தரும் பாட்டி யாரிடமும் கை நீட்ட வேண்டியதில்லை.

ஆகவே, தொகையின் அளவைப் போலவே அது தவறாமல் வருவதும் முக்கியம். 2023ஆம் ஆண்டின் இறுதியில் சில மாத ஓய்வூதியம் நிலுவையில் நின்றபோது, இடுக்கி மாவட்டம் அடிமாலியில் மூதாட்டியர் இருவர் தெருவில் இறங்கிப் பிச்சை கேட்டுப் போராடியது நாடறிந்த செய்தியாயிற்று. நிலுவை பின்னொரு நாள் சேர்ந்து வந்தாலும், இடையில் வாங்கிய கடனின் வட்டியை அது ஈடுசெய்யாது.

இலவசமாகப் பணம் கொடுத்தால் மக்கள் வேலையைக் கைவிடுவர் என்று அஞ்சுவோர் உண்டு. 2011 முதல் 2013 வரை மத்தியப் பிரதேசத்தில் 'சேவா' அமைப்பு, யுனிசெஃப் உதவியுடன் சிற்றூர்களில் ஒரு சோதனை நடத்தியது. எட்டு ஊர்களில் பெரியவர் ஒவ்வொருவருக்கும் மாதம் 200 ரூபாயும், பின்னர் 300 ரூபாயும் நிபந்தனையின்றி வழங்கப்பட்டன. அங்கு உணவும் பள்ளி வருகையும் மேம்பட்டன, வேலையும் குறையவில்லை. கூலி வேலைக்குச் சென்ற சிலர் சொந்த நிலத்தில் உழைக்கத் தொடங்கினர்.

எல்லைப் பகுதிக்கே உரிய ஒரு சிக்கலையும் இங்குக் கூற வேண்டும். தேனி மாவட்டத்தின் கம்பம், போடி பகுதிகளிலிருந்து நாள்தோறும் ஜீப்பில் மலையேறி ஏலக்காய் பறிக்க வருவோர் பலர். ஒரே தோட்டத்தில் அருகருகே வேலை செய்யும் இரு பெண்களில், தமிழகக் குடும்ப அட்டை உடையவர், தகுதியிருந்தால் 2023 செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகையாக மாதம் 1,000 ரூபாய் பெறுவார். உடும்பன்சோலையில் குடியிருப்பவருக்கு அது கிடையாது. அவர் கேரளத் திட்டங்களையே நாட வேண்டும். உழைக்கும் இடம் எதுவாயினும், குடியிருக்கும் மாநிலமே உரிமையைத் தீர்மானிக்கிறது.

இவ்வாறு இரு மாநிலங்களிலும் வங்கிக் கணக்கு வைத்திருப்போர், "பணம் வரவில்லை" என்று கிளைக்கு வருவதை நாம் அடிக்கடி காண்கிறோம். ஆதார் எண்ணைக் கொண்டு அனுப்பப்படும் உதவித்தொகை, அவ்வெண் கடைசியாக எந்தக் கணக்குடன் இணைக்கப்பட்டதோ அதில்தான் சேரும். நெடுங்கண்டத்தில் புதிய கணக்குத் தொடங்கி ஆதாரை இணைத்தவர், போடியில் உள்ள பழைய கணக்கைப் பார்த்துக் காத்திருப்பதில் பயனில்லை. எந்தக் கணக்கு இணைக்கப்பட்டுள்ளது என்பதைக் கிளையில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

கேரள ஓய்வூதியம் பெறுவோர் குறித்த காலத்துக்குள் அக்ஷயா மையத்தில் மஸ்டரிங் செய்துகொள்வது கட்டாயம். தேயிலை பறித்தும் களையெடுத்தும் தேய்ந்த விரல்களின் ரேகை சில வேளை பதிவாகாது. அதனால் மனம் தளராமல் மாற்று வழியைக் கேளுங்கள். குறைந்தபட்ச இருப்பு தேவைப்படாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கு எல்லா வங்கிகளிலும் உண்டு. 70 வயது கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டிலேயே அடிப்படை வங்கிச் சேவை அளிக்குமாறு ரிசர்வ் வங்கி 2017ஆம் ஆண்டு அறிவுறுத்தியுள்ளது. தொலைபேசியில் எவர் கேட்டாலும் ஓடிபி எண்ணைச் சொல்ல வேண்டாம்.

இறுதியாக ஒரு சொல். பணம் வந்த அன்றே முழுவதையும் எடுத்துவிடாமல், இயன்ற மாதங்களில் நூறு ரூபாயேனும் கணக்கில் விட்டுவையுங்கள். மழைக்காலத்தில் வட்டிக்காரரிடம் செல்லும் ஒரு பயணத்தை அது மிச்சப்படுத்தும். உங்கள் வீட்டு முதியவருக்கோ, தோட்டத்தில் உடன் உழைப்பவருக்கோ கணக்குப் புத்தகத்தில் ஐயம் இருந்தால் கிளைக்கு அழைத்து வாருங்கள். அதைப் படித்துச் சொல்வது எங்கள் கடமை.