கல்கத்தா முறுக்கு

முறுக்கு என்றதும் நேயர்கள் தீபாவளிப் பலகாரத்தை நினைத்துவிட வேண்டாம். நாம் சொல்ல வந்தது ரஸாயன முறுக்கு.

கோபால்ட் அணு ஒன்றை மூன்று மூலக்கூறுகள் நண்டுபோல் இரு கொடுக்குகளால் கவ்விக்கொண்டிருக்கும் சேர்க்கை உண்டு. அதற்கு வலக்கை, இடக்கை போல் இரு வடிவங்கள். பிடி ஒன்றும் விடாமலே வலது இடதாவது எவ்வாறு? முறுக்கிக்கொண்டுதான் என்று விளக்கம் கூறினர், கல்கத்தாவில் பிரியதாரஞ்சன் ரேயும் என். கே. தத்தும். யுத்தமும் பஞ்சமும் வங்கத்தை வாட்டிய 1943-ஆம் ஆண்டு அது.

கட்டுரை வெளியானது சீமைப் பத்திரிகையில் அன்று. 1924-ல் தோன்றி, பிரியதாரஞ்சனரின் ஆசான் பிரபுல்ல சந்திர ரே முதல் தலைவராய் வீற்றிருந்த இந்திய ரஸாயன சங்கத்தின் பத்திரிகையில். எண்பது ஆண்டு கடந்தும் உலக விஞ்ஞானிகள் அதனை 'ரே-தத் முறுக்கு' என்றே எடுத்தாளுகின்றனர். சரக்கு நயமாயிருந்தால், உள்ளூர்க் கடையையும் உலகம் தேடி வரும் அல்லவா?