அலைக்கும் வேலி வேண்டும்

அமெச்சூர் வானொலி அன்பர் ஒருவர் 24.9 மெகாஹெர்ட்ஸில் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய கருவி 49.8, 74.7 என்று மடங்கு அலைகளையும் சிறிதளவு பிறப்பிக்கும். ஐந்தாம் மடங்கு 124.5. விமானிகள் தரைநிலையத்துடன் பேசுவது 118 முதல் 137 வரையுள்ள அந்தப் பகுதியில்தான்! விளையாட்டான காரியம் அன்று இது.

மடங்கு அலை ஏன் பிறக்கிறது? டிரான்சிஸ்டர் அலையைப் பெருக்கும்போது அதன் முகட்டைச் சற்றே நசுக்குகிறது. நசுங்கிய அலை பல மடங்கு அலைகளின் கூட்டேயாகும். பழைய வால்வுக் கருவியில் ஒத்திசைவுச் சுற்று வேண்டியதைத் தேர்ந்து மற்றவற்றைப் பெரும்பாலும் தடுத்தது. ஆனால் பட்டை மாறும்போதெல்லாம் குமிழைத் திருப்ப வேண்டும். அகலப்பட்டைப் பெருக்கியிலோ பெரைட் மின்மாற்றிகள் 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை அனைத்தையும் கடத்துகின்றன. வசதியும் அதுவே, ஆபத்தும் அதுவே.

பரிகாரம் இரண்டு. முதலாவது, இரு டிரான்சிஸ்டர்களை எதிரெதிராக இயக்குவது. இரட்டைப்படை மடங்குகள் ஒன்றையொன்று பெரிதும் அழித்துக்கொள்ளும்; மூன்று, ஐந்து போன்றவை தப்பிவிடும். இரண்டாவது, ஏரியலுக்கு முன் தாழ்கடத்தி வடிப்பான். ஒன்றே போதாதா? போதாது. 30 வரை விடும் வடிப்பான், 7-இன் மூன்றாம் மடங்கான 21-ஐயும் விட்டுவிடும் அன்றோ? ஆகவே பட்டைக்கேற்ப வடிப்பான்கள் வேண்டும். நெருங்கிய பட்டைகள் ஒன்றைப் பகிர்ந்துகொள்ளலாம்.

30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே 100 வாட் கருவிக்குச் சர்வதேச வரம்பு 50 டெசிபல் குறைவு. அதாவது ஒவ்வொரு வேண்டா அலையும் 1 மில்லிவாட்டை மீறலாகாது. ஏரியலை மாட்டுமுன் போலிச் சுமையில் இயக்கி, ஆய்வுக்கூடத்து நிறமாலைக் கருவியில் இதை அளந்து பாருங்கள்.